டர்பனுக்கு முதல் ஊழியப் பயணம்: கிளம்புகிற வாலிபர்களுக்கு

வாலிபர் ஐக்கியக் கூட்டத்தில் "இந்த வருஷம் தென்னாப்பிரிக்காவுக்கு ஒரு ஊழியக் குழு போகிறது, விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுங்கள்" என்று அறிவித்ததும் முதலில் கை தூக்குகிறவர்கள் பாதிப்பேரிடம் பாஸ்போர்ட்கூட இருக்காது. அதில் தப்பில்லை. ஆனால் கை தூக்கிய நாளுக்கும் விமானம் ஏறுகிற நாளுக்கும் நடுவில் வேலை நிறைய இருக்கிறது. நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். வேலைக்காக டர்பனுக்கு வந்து, இங்கே சாட்ஸ்வர்த் என்ற பகுதியில் ஒரு சபைக்குப் போய்வருகிறேன். ஊரிலிருந்து வரும் குழுக்களைக் கூட்டிவந்து, வீடுகளில் தங்கவைத்து, பத்திரமாகத் திருப்பி அனுப்புகிற வேலை என் தலையில்தான் விழும். குழுத் தலைவர்களுக்கு இது தெரிந்த கதை. முதல்முறை கடல் கடக்கிற தம்பி தங்கைகளுக்காகவே எழுதுகிறேன்.

யாரிடம் போகிறீர்கள் என்று முதலில் படியுங்கள்

1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள். 1911 வரை இப்படி ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். அவர்களில் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். 1903இல் நெல்லூரிலிருந்து தெலுங்கு பாப்திஸ்து சபையார் ஜான் ரங்கையா என்ற போதகரை இங்கே மிஷனெரியாக அனுப்பினார்கள். இந்தியக் கிறிஸ்தவர்கள் தாங்களே ஆள் தேர்ந்து, செலவு போட்டு அனுப்பிய ஊழியம் அது. பிறகு ரோலண்ட்ஸ் சகோதரர்கள் நடத்திய பெதஸ்தா பெந்தெகொஸ்தே ஊழியம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் டர்பனிலும் இந்தியக் குடும்பங்களுக்குள் வேர் பிடித்தது.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், காணிக்கை சேர்க்க அச்சடிக்கிற துண்டுப் பிரசுரத்தில் "சுவிசேஷம் எட்டாத தேசத்துக்கு" என்று போட்டுவிடுகிறார்கள். அது முகநூலில் ஏறி, இங்கே நான்காம் தலைமுறைக் கிறிஸ்தவராக இருக்கிற ஒரு மூப்பர் கண்ணில் படுகிறது. அவர் ஒன்றும் சொல்லமாட்டார், சிரித்துக்கொண்டே உங்களை வரவேற்பார். ஆனால் அந்தப் பிரசுரம் அவர் ஞாபகத்தில் இருக்கும். நீங்கள் போவது உங்களைவிட மூத்த சபைகளுக்கு, அவர்கள் நடத்துகிற வேலைக்குக் கை கொடுக்க. பிரசுரத்திலும் அப்படியே எழுதுங்கள்.

இங்குள்ளவர்களின் பெயர்களைப் பார்த்தால் கோவிந்தர், நாயுடு, பிள்ளை, மூட்லி, படையாச்சி என்று நம் ஊர் வாடை அடிக்கும். கிறிஸ்தவரானவர்களும் குடும்பப் பெயரை அப்படியே வைத்திருக்கிறார்கள். வீட்டில் பேசுவது ஆங்கிலம். தமிழ் அறுபது எழுபது வயதுக்காரர்களிடம் கொஞ்சம் மிச்சமிருக்கும், சின்னவர்களிடம் சமையலறைச் சொற்களாக இருக்கும். "தமிழர்களாக இருந்துகொண்டு தமிழ் தெரியாதா?" என்று யாரிடமும் கேட்டுவிடாதீர்கள். நிறவெறிக் காலத்தில் ஒதுக்கப்பட்டு, பள்ளியில் ஆங்கிலத்திலேயே படித்து வளர்ந்தவர்களுக்கு அது சுருக்கென்று தைக்கும்.

எப்போது போவது

நம் ஊரில் மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளிக் காலம். அதே நினைப்பில் மே மாதத்துக்கு டிக்கெட் போட்டால், இங்கே பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். குளிர்கால விடுமுறை ஜூன் கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை, பெரிய விடுமுறை டிசம்பரில். பிள்ளைகள் ஊழியம் என்றால் ஜூன், ஜூலைதான் நல்லது. டிசம்பரில் சபையார் பாதிப்பேர் வெளியூர் போயிருப்பார்கள், புழுக்கமும் தாங்காது.

விசாவில் உள்ளதைச் சொல்லுங்கள்

சில ஏஜென்டுகள் "டூரிஸ்ட் என்று போடு, சர்ச் பேச்சே எடுக்காதே" என்பார்கள். கேட்காதீர்கள். தன்னார்வப் பணிக்கும் தொண்டுப் பணிக்கும் வருகிறவர்களுக்கென்றே தென்னாப்பிரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அழைக்கிற சபை, நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள், எங்கே தங்குவீர்கள், செலவு யாருடையது என்று லெட்டர்ஹெட்டில் தெளிவாகக் கடிதம் கொடுக்கட்டும். அந்தக் கடிதத்தை விண்ணப்ப மையத்தில் காட்டி, எந்த வகையில் விண்ணப்பிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு படிவம் நிரப்புங்கள். விதிகள் அடிக்கடி மாறுவதால் போன வருஷம் போனவர் சொன்னதை நம்பி உட்கார்ந்துவிட வேண்டாம்.

பொய் எங்கே மாட்டும் தெரியுமா? ஜோகன்னஸ்பர்க் விமான நிலையத்தில் ஒவ்வொருவரையும் தனித்தனி கவுன்டரில் கேட்பார்கள். ஒருவன் 'சுற்றுலா' என்பான், அடுத்தவள் 'கான்ஃபரன்ஸ்' என்பாள், மூன்றாவது ஆள் பயத்தில் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு உண்மையைச் சொல்லிவிடுவான். பிறகு எட்டுப் பேரும் ஓரமாக உட்கார வேண்டியதுதான்.

பாஸ்போர்ட், நீங்கள் திரும்புகிற தேதிக்கு மேல் குறைந்தது 30 நாளாவது செல்லுபடியாக வேண்டும் என்பது இந்த நாட்டு விதி. ஆனாலும் ஆறு மாதம் இருக்கிற மாதிரி புதுப்பித்துக்கொள்ளுங்கள், விமான நிறுவனத்துக்காரர்கள் அதைத்தான் பார்ப்பார்கள். முத்திரை குத்த வெற்றுப் பக்கம் இரண்டு இருக்கட்டும். பதினெட்டு வயது நிரம்பாதவர் குழுவில் இருந்தால், பெற்றோர் பெயர்கள் உள்ள பிறப்புச் சான்றிதழும் இருவரின் சம்மதக் கடிதமும் வேண்டும். கூடவே போலீஸ் நற்சான்று எல்லோருமே வாங்கிக்கொள்வது நல்லது. பிள்ளைகளோடு பழகப்போகிறவர்களிடம் இங்குள்ள பல சபைகள் அதைக் கேட்கின்றன. பாஸ்போர்ட் அலுவலகம் வழியாகவே கிடைக்கும்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி பற்றி எல்லோரும் குழம்புகிறார்கள். இந்தியாவிலிருந்து துபாய் அல்லது தோஹா வழியாக வந்தால் தேவையில்லை. அடிஸ் அபாபா, நைரோபி வழியாக மலிவு டிக்கெட் கிடைத்து, அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க நேர்ந்தால் சான்றிதழ் கேட்பார்கள். அந்தப் பக்கம் விமான நிலையத்தை விட்டு வெளியே தங்கினால், ஊர் திரும்பும்போது நம் அதிகாரிகளும் கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், ஒருமுறை போட்டால் ஆயுசுக்கும் போதும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். டர்பனில் மலேரியா இல்லை. க்ரூகர் வனவிலங்குப் பூங்காப் பக்கம் போகிற திட்டம் இருந்தால் மட்டும் டாக்டரிடம் மாத்திரை கேளுங்கள்.

பணம்

இந்த நாட்டு நாணயமான ராண்ட் ஒன்று ஏறக்குறைய ஐந்து ரூபாய் என்று மனக்கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். தங்குமிடமும் சாப்பாடும் சபையார் வீடுகளில் என்றாலும், "எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று வெறுங்கையோடு வராதீர்கள். சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் இரண்டும் நிறவெறிக் காலத்தில் இந்தியர்களை ஒதுக்கிக் குடியேற்றக் கட்டிய பகுதிகள். பல வீடுகளில் ஒருவர் சம்பளம்தான். உங்களை வண்டியில் அங்கும் இங்கும் ஏற்றி இறக்குகிற அங்கிளுக்குப் பெட்ரோல் செலவு குழுவின் பொதுப் பணத்திலிருந்து போக வேண்டும். நேரில் கொடுத்தால் வாங்கமாட்டார். பொறுப்பான ஒருவர் மூலம் கொடுங்கள், அல்லது பெட்ரோல் பங்கில் வண்டி நிற்கும்போது இறங்கிப் போய்க் கட்டிவிடுங்கள்.

இன்னொரு விஷயம், இதை யாரும் சொல்லித் தருவதில்லை. கடைசி ஞாயிறு ஆராதனையில் இங்குள்ள சபை மனமிரங்கி "உங்கள் ஊர்ச் சபைக் கட்டடத்துக்கு" என்று காணிக்கை எடுக்கும். அதைக் கவரில் போட்டு வாங்கிப் போய்ச் சபைக் கணக்கில் சேர்க்க முடியாது. வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டம் 2010இன்படி, பதிவு பெற்ற அமைப்புதான், அதற்கென்று உள்ள வங்கிக் கணக்கில் அந்தப் பணத்தைப் பெறலாம். "எங்கள் சபைக்குப் பதிவு இருக்கிறதா என்று கேட்டுச் சொல்கிறோம், அதுவரை உங்களிடமே இருக்கட்டும்" என்று குழுத் தலைவர் மேடையிலேயே சொல்லிவிட வேண்டும். கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும். சொல்லுங்கள்.

பெட்டியில் என்ன

சார்ஜர் விஷயத்தில் ஒரு நல்ல செய்தி. இங்குள்ள பெரிய மூன்று பின் பிளக், நம் ஊரில் கீசருக்கும் ஏசிக்கும் போடுகிற தடித்த 15 ஆம்பியர் பிளக்கேதான். அந்த அளவு பின் உள்ள ஒரு அடாப்டரை நம் ஊர் எலெக்ட்ரிக்கல் கடையிலேயே வாங்கிவிடலாம். ஏர்போர்ட்டில் ஐந்து மடங்கு விலை கொடுக்க வேண்டாம்.

ஜூன், ஜூலையில் டர்பனில் பகல் இதமாக இருக்கும், சாயங்காலம் ஒரு ஸ்வெட்டர் கேட்கும். உள்நாட்டுப் பக்கம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்குப் போனால் காலையில் கை விறைக்கும். ஆராதனைக்கு நல்ல உடுப்பு ஒன்று போதும், தங்கைகள் பட்டுச்சேலை கொண்டுவந்தால் ஆன்ட்டிமார் சந்தோஷப்படுவார்கள். சாம்பார்ப்பொடி, ஊறுகாய் மூட்டை வேண்டாம். கறிவேப்பிலை, முருங்கைக்காய், மசாலா எல்லாம் சாட்ஸ்வர்த்திலேயே கிடைக்கும். விதை, பழம், தேன், இறைச்சி எதுவும் எடுத்துவராதீர்கள், சுங்கத்தில் பிடுங்கிவிடுவார்கள். பரிசாகக் கொடுக்கக் கைத்தறித் துண்டுகள் நல்லவை. லேசாக இருக்கும், எந்த வீட்டிலும் பயன்படும்.

வந்து இறங்கியதும்

சிம் கார்டு வாங்கப் பாஸ்போர்ட்டும் தங்கும் முகவரியும் கேட்பார்கள், வீட்டுக்காரரின் முகவரிக் கடிதத்தைக் கையில் வையுங்கள். தெருவில் நடந்துகொண்டே போன் பார்க்காதீர்கள். இருட்டிய பிறகு நடை வேண்டாம், பக்கத்துத் தெருக் கடைக்குக்கூட. சிக்னலில் வண்டி நிற்கும்போது கண்ணாடி ஏறியிருக்கட்டும், பை மடியில் இல்லாமல் காலடியில் இருக்கட்டும். செல்போனிலிருந்து அவசரத்துக்கு 112, போலீசுக்கு 10111, ஆம்புலன்சுக்கு 10177. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, இங்கே பிறந்து வளர்ந்தவர்களும் இப்படித்தான் இருக்கிறார்கள்.

தங்குகிற வீட்டில் முதல் ராத்திரியே இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, அலாரம் எந்த அறைகளில் போட்டிருக்கிறது? பல வீடுகளில் தூங்கும் நேரத்தில் கூடத்துக்கும் சமையலறைக்கும் அலாரம் போட்டுவிடுவார்கள். தண்ணீர் குடிக்க நீங்கள் எழுந்து போனால் தெருவே விழித்துக்கொள்ளும், காவல் கம்பெனி வண்டி வாசலில் வந்து நிற்கும். இரண்டு, வெந்நீர் எவ்வளவு நேரம் வரும்? மின்கட்டணம் கடுமை. நான்கு பேர் தங்கியிருக்கிற வீட்டில் ஒருவரே அரை மணி நேரம் குளித்தால் மற்றவர்களுக்குப் பச்சைத்தண்ணீர்தான்.

பெரியவர் எல்லோரும் அங்கிள், ஆன்ட்டி. இந்தப் பக்கத்துக் கறுப்பின மக்களான ஜூலு மக்களைப் பார்த்தால் "சாவுபோனா" என்று முதலில் நீங்கள் வணக்கம் சொல்லுங்கள். கடைக்காரர், காவலாளி, வீட்டு வேலைக்கு வரும் அம்மா, யாராக இருந்தாலும் வணக்கம் சொல்லாமல் பேச்சைத் தொடங்குவது இங்கே மரியாதைக் குறைவு. கறுப்பின மக்களைப் பற்றி உணவு மேஜையில் யாராவது இளக்காரமாகப் பேசினால் நீங்கள் ஒத்து ஊதாதீர்கள். 2021 ஜூலைக் கலவரத்தில் ஃபீனிக்ஸில் முப்பதுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அந்தக் காயம் இரண்டு பக்கமும் இன்னும் ஆறவில்லை. வந்து போகிறவர்கள் அதில் கருத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

மேடை மூன்று நிமிஷம், சமையலறை மூன்று மணி நேரம்

சாட்சியை ஆங்கிலத்தில் எழுதி, மூன்று நிமிஷத்துக்குள் முடிகிறதா என்று வீட்டில் படித்துப் பாருங்கள். ஆங்கிலம் தடுமாறினால் பரவாயில்லை, எளிய வாக்கியமாகச் சொன்னால் எல்லோருக்கும் புரியும். "இருளில் கிடக்கும் ஜனங்கள்" மாதிரி வார்த்தைகளை எடுத்துவிடுங்கள். கேட்கிற வரிசையில் பாதிப்பேருக்கு அண்ணனோ மாமியாரோ இந்துதான்.

ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்கூட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். தூத்துக்குடிப் பக்கத்துக் குழு வந்திருந்தது. கிட்டார், புதுப் பாட்டு, செய்தி என்று எல்லாம் முடிந்து பிரியாணிக்கு எழுந்துவிட்டார்கள். பயறு போட்ட டர்பன் பிரியாணி, பக்கத்தில் பருப்பு. மூலையில் உட்கார்ந்திருந்த எண்பது வயதுப் பாட்டி ஒருவர் எழுந்திருக்கவே இல்லை. ரப்பர் பேண்ட் போட்ட ஒரு பழைய நோட்டை மடியில் விரித்து வைத்திருந்தார். உள்ளே தமிழ்க் கீர்த்தனைகள், எல்லாம் ஆங்கில எழுத்தில், பல நிற மையில், பல வருஷமாக எழுதியவை. குழுவில் இருந்த ஒரு பெண் கவனித்து, தட்டை வைத்துவிட்டு அவர் காலடியில் உட்கார்ந்தாள். பாட்டி விரல் வைத்த வரியை இவள் பாடினாள், பாட்டி சேர்ந்துகொண்டார். உச்சரிப்பு எங்கெங்கோ போனது, ராகம் அப்படியே நம் ஊர் ராகம். சமையலறையிலிருந்து ஆன்ட்டிமார் கரண்டியோடு வந்து வாசற்படியில் நின்றார்கள். அந்தப் பயணத்தில் அந்தக் குழு மேடையில் செய்த எதுவும் சபையார் ஞாபகத்தில் இருப்பதாகத் தெரியவில்லை. அந்தப் பெண்ணை மட்டும் இன்றும் விசாரிக்கிறார்கள்.

அதனால், ஊரில் உங்கள் பாட்டியிடம் பத்துக் கீர்த்தனையாவது கற்றுக்கொண்டு வாருங்கள். ஆராதனை முடிந்ததும் கும்பலாக வெளியே நின்று படம் எடுக்காமல், பின்பக்கம் போய்ப் பாத்திரம் கழுவுங்கள். ஆண்பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கழுவுகிற இடத்தில்தான் மனுஷர்கள் வாய் திறந்து பேசுவார்கள்.

கோயில் திருவிழாக்கள்

ஈஸ்டர் சமயத்தில் வருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பெரிய வெள்ளி அன்று நீங்கள் மும்மணி ஆராதனையில் இருக்கும்போது டர்பனை ஒட்டியுள்ள இசிபிங்கோவின் மாரியம்மன் கோயிலில் ஆயிரக்கணக்கானோர் கூடியிருப்பார்கள். ஈஸ்டரையொட்டித்தான் இங்கே அந்தத் திருவிழா. பழைய நாளில் தோட்டக் கூலிகளுக்குக் கிடைத்த விடுமுறை அதுதான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். கோயில் வாசலில் கைப்பிரதி கொடுக்கலாமா என்று ஒவ்வொரு குழுவிலும் ஒரு தம்பி கேட்பான். கூடாது. இங்கே ஒரே வீட்டில் மூத்தவர் காவடி எடுப்பார், இளையவர் சபையில் டிரம்ஸ் வாசிப்பார், ஞாயிற்றுக்கிழமை மதியம் இருவரும் ஒரே மேஜையில் சாப்பிடுவார்கள். நீங்கள் ஒரு வாரம் இருந்து கிளம்பிவிடுவீர்கள், கலைந்த மேஜையோடு இருக்கப்போவது அவர்கள். யாராவது தானாக வந்து விசுவாசத்தைப் பற்றிக் கேட்டால் மனம்விட்டுப் பேசுங்கள், பிறகு உள்ளூர்ப் போதகரிடம் அறிமுகப்படுத்திவிடுங்கள்.

சொல்லக் கூடாதது, செய்யக் கூடாதது

உலகத்திலேயே எச்ஐவியோடு வாழ்கிறவர்கள் அதிகம் உள்ள நாடு இது. தினமும் மாத்திரை எடுத்து நல்லபடியாக வாழ்கிறவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். ஜெபத்துக்கு வருகிறவர் அவர்களில் ஒருவராக இருக்கலாம், உங்களிடம் சொல்லவும் மாட்டார். "விசுவாசித்தால் மருந்து தேவையில்லை" என்ற வாக்கியம் உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. மருந்தை நிறுத்தினால் ஆள் செத்துப்போவார். ஜெபம் பண்ணுங்கள், மாத்திரையைத் தொடரச் சொல்லுங்கள்.

சாட்ஸ்வர்த்தில் 'சுகர்ஸ்' என்ற போதைப்பொருள் இருபது வருஷமாகக் குடும்பங்களைத் தின்கிறது. ஹெராயின் கலந்த மலிவுச் சரக்கு. அதிலிருந்து மீள்கிறவர்களோடு வேலை செய்யும் சபைகள் இருக்கின்றன. அங்கே உங்களை அழைத்தால் போங்கள், பந்து விளையாடுங்கள், சாப்பாடு பரிமாறுங்கள். ஆலோசனை சொல்கிற வேலையைப் பயிற்சி பெற்றவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

பிள்ளைகளைப் படம் எடுப்பதற்குப் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வாங்குங்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இங்கே நடைமுறையில் இருக்கிறது, குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கடுமை. சட்டம் கிடக்கட்டும், கிழிந்த சட்டையோடு நிற்கிற ஒரு பிள்ளையைத் தூக்கி வைத்துச் செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் போடுவது எந்த ஊழியத்திலும் சேராது. எந்தப் பிள்ளையோடும் கதவடைத்த அறையில் தனியாக இருக்காதீர்கள். வேறொரு பெரியவர் கண்பார்வையில் இருக்கட்டும்.

ஊருக்குத் திரும்பிய பிறகு

இரண்டு வாரத்துக்குள் வரவு செலவுக் கணக்கைக் காணிக்கை கொடுத்தவர்களுக்குக் காட்டுங்கள். தங்கிய வீட்டுக்கு ஒரு வாட்ஸ்அப் குரல் செய்தியாவது அனுப்புங்கள். சபையில் அறிக்கை வாசிக்கும்போது ஜெபக் குறிப்பு என்ற பெயரில் யாருடைய வியாதியையும் வீட்டுச் சண்டையையும் பெயரோடு சொல்லாதீர்கள், உங்கள் சபையின் யூடியூப் நேரலையை இங்கேயும் பார்க்கிறார்கள்.

இங்கே பழகிய பையன்கள் சிலர் தொடர்ந்து செய்தி அனுப்புவார்கள். இரண்டாவது மாதத்தில் ஒருவன் பணம் கேட்பான், அல்லது இந்தியாவில் வேதாகமக் கல்லூரியில் இடம் வாங்கித் தரச் சொல்வான். உடனே மறுக்காதீர்கள், வாக்கும் கொடுக்காதீர்கள். அவனிடமே சொல்லிவிட்டு அவனுடைய போதகருக்குத் தெரியப்படுத்துங்கள். அவன் வீட்டு நிலைமை அவருக்குத் தெரியும், உண்மையான தேவை என்றால் சபை வழியாக உதவ முடியும்.